பூவின் வடிவமும் பார்வையின் வறுமையும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்குச் சமாந்தரமாகக் கிடக்கின்றது. அதன் ஓரங்களில், நீர் எது நிலம் எது என வரையறுக்க இயலாத சேற்றுப் பரப்பில், கழுதைமுள்ளி என்னும் செடி பற்றையாக வளர்கின்றது. தோணியைக் கரைக்கு இழுப்பவனின் காலை அதன் இலைமுட்கள் கிழிக்கின்றன. ஆதலால் அவன் அச்செடியை அறிவான். ஆனால் அதன் பூவை நின்று நோக்கியவர் மிகச் சிலரே. வெளிறிய ஊதா நிறங்கொண்ட அப்பூ, யாரோ பாதியைப் பிய்த்தெறிந்துவிட்டது போன்ற தோற்றமுடையது. அல்லிவட்டத்தின் மேலுதடு இல்லையென்றே கூறலாம். மூன்று மடல்களையுடைய கீழுதடு மட்டும் ஒரு திண்ணைபோல் அகன்று நிற்கின்றது. தடித்த இழைகளையுடைய நான்கு கேசரங்கள் அதற்கு மேலே நெருங்கி நிமிர்ந்துள்ளன.

இப்பூ ஏன் பாதியாய் நிற்கின்றது? வேறு பூக்கள் ஏன் வட்டமாய், எப்பக்கத்தினின்று நோக்கினும் ஒரே வடிவினவாய் உள்ளன? இவை சிறுவர் கேட்கும் வினாக்கள் போலத் தோன்றும். எனினும், 18ஆம் நூற்றாண்டு தொட்டு உயிரியலின் பெரும் அறிஞர் பலரை வருத்திய வினாக்கள் இவையே. தமிழ்ச் சூழலிலோ இவ்வினா எழுவதேயில்லை. பூ என்றவுடன் இலக்கிய மாணவன் உவமையைத் தேடுகின்றான். விஞ்ஞான மாணவன் பரீட்சைக்குரிய குறுக்குவெட்டுப் படத்தை வரைகின்றான். கரையோரத்தில் மரம் நடவருபவர் பூவைப் பற்றி நினைப்பதேயில்லை. இம்மூன்றும் வெவ்வேறு துறைகளின் குறைகளல்ல. பூவின் வடிவத்தை ஒரு வரலாறாகப் பாராது அலங்காரமாகப் பார்க்கும் ஒரே பிழையின் மூன்று முகங்கள் அவை. அப்பிழையின் விலையை இன்று வாவியே செலுத்துகின்றது.

1. பெயரறிவும் பொருளறிவும்

தமிழர் பூக்களை அறிந்திருந்தனர் என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டைக் காட்டுவது மேடை மரபாகிவிட்டது. கபிலர் அதில் 99 பூக்களின் பெயர்களைத் தொகுத்துள்ளார். அரும்பு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்ட மொழி தமிழ் என்பதும் மறுக்கவியலாதது. இவை நுண்ணிய அவதானிப்பின் சான்றுகள், பெருமைக்குரியவை. ஆனால் இவற்றிலிருந்து, “தாவரவியல் அனைத்தும் முன்னோர் அறிந்ததே” என்னும் முடிவுக்குத் தாவுவோர் முன்னோரையும் அவமதிக்கின்றனர், தாவரவியலையும் அவமதிக்கின்றனர்.

பெயரிடுதல் அறிவின் வாயில். அது வீடு அன்று. 99 பெயர்களை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் மாணவனிடம் அவற்றுள் ஒன்பது பூக்களைச் செடியில் காட்டும்படி கேட்டால் என்ன நிகழும் என்பது விரிவுரையாளர் அறியாததன்று. சங்கப் புலவர்க்குக் காந்தள் மகளிர் விரலாய்த் தோன்றியது. அவர் அப்பூவைக் கண்டார், கண்டதனால் உவமித்தார். இன்றைய மாணவன் உவமையைக் கற்கின்றான், பூவைக் காண்பதில்லை. காந்தளின் இதழ்கள் பின்னோக்கி மேலே வளைவதையும், சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீள்வதையும் அவன் கண்டிருப்பின், “ஏன்?” என்ற வினா தானாகவே பிறந்திருக்கும்.

பூவை அடையாளமாக மட்டும் கொள்ளும் இவ்வியல்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இலங்கை அரசு 1986இல் நீல அல்லியைத் தேசிய மலராக அறிவித்தது. ஆனால் சுவரொட்டிகளிலும் நூல்களிலும் அம்மலராகக் காட்டப்பட்டு வந்த ஊதா நிறப் பூ உள்நாட்டு இனமன்று, அயல்மூலங் கொண்ட ஒரு கலப்பினம் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினர். ஒரு தேசமே தன் மலரென்று வேறொரு மலரைக் கொண்டாடியுள்ளது. போற்றுதல் பார்த்தலுக்குப் பதிலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைத் தமிழுலகம் யாழ் நூலின் ஆசிரியராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் நினைவுகூர்கின்றது. அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் விழாக்களில் ஓரிரு வாக்கியங்களோடு கடந்துவிடப்படுகின்றன. அவரும் அவருக்குப் பின்வந்தோரும் உழைத்ததன் பயனாகப் பரம்பரையலகு, கூர்ப்பு, விகாரம், பிறப்புரிமையியல் ஆகிய சொற்கள் இன்று தமிழில் உள்ளன. சொல் இல்லை என்ற சாட்டு எப்போதோ ஒழிந்துவிட்டது. சொல்லை வைத்துக்கொண்டு கேட்கவேண்டிய வினாதான் இல்லை.

2. முப்பத்தேழு செடிகள்

தரவு கையிலிருந்தும் பொருள் விளங்காமற் போவது பெரியோர்க்கும் நேர்வதே. அதற்கு டார்வினே சான்று.

1742இல் சுவீடனில் ஸ்ரொக்ஹோம் நகருக்கு அண்மையிலுள்ள தீவொன்றில் மாணவரொருவர் விசித்திரமான செடியொன்றைக் கண்டெடுத்தார். அது லினேரியா என்னும் செடியே. ஆனால் இயல்பாக ஈருதடு கொண்டிருக்கவேண்டிய பூ, ஐந்து பக்கமும் ஒத்த வட்டப்பூவாக இருந்தது. தாவர வகைப்பாட்டின் தந்தையெனப்படும் லினேயசு அதனைக் கண்டு திகைத்தார். 1744இல் வெளிவந்த ஆய்வுரையில், பூதம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் ‘பெலோரியா’ எனப் பெயரிட்டார். இனங்கள் மாறா என நம்பிய அவரது நம்பிக்கையை அச்சிறு பூ அசைத்தது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் டார்வின், அன்ரிறைனம் செடியில் தோன்றிய இத்தகைய வட்டப்பூவை ஈருதட்டுப் பூவுடன் கலப்புச் செய்தார். முதற் சந்ததி முழுவதும் ஈருதட்டுப் பூக்களையே தந்தது. அச்செடிகளைத் தம்முள் தாமே கருக்கட்டவிட்டபோது கிடைத்த 127 செடிகளுள் 88 ஈருதட்டுப் பூக்களையும், 37 வட்டப்பூக்களையும், 2 இடைப்பட்ட வடிவங்களையும் கொண்டிருந்தன. இம்முடிவை அவர் 1868இல் வெளியிட்டார். மறைந்த இயல்பு ஒரு தலைமுறை ஒளிந்திருந்து, அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக மீள்வதை அவ்வெண்கள் காட்டுகின்றன. இதே விதியை மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866இலேயே வெளியிட்டிருந்தார். டார்வினின் மேசையில் எண்கள் இருந்தன. அவ்வெண்களை விகிதமாகப் பார்க்கும் வினா இருக்கவில்லை.

இவ்வரலாறு டார்வினைச் சிறுமைப்படுத்துவதற்குரியதன்று. பட்டியலும் தரவும் தாமாகப் பேசா என்பதே இதன் பாடம். கபிலரின் பட்டியல் அறிவியலாகாததற்குக் காரணம் கபிலரின் குறையன்று. பின்வந்தோர் அப்பட்டியலிடம் வினா எதனையும் கேளாமையே.

3. வடிவம் வந்த வழி

வினாவைக் கேட்டோர் விடையின் பெரும்பகுதியைக் கண்டுள்ளனர். பூவின் உறுப்புகள் எவ்வட்டத்தில் எதுவாக உருவாகும் என்பதை மூன்று தொகுதிப் பரம்பரையலகுகளின் கூட்டுச்செயல் தீர்மானிக்கின்றது என்ற விளக்கம் 1991இல் கோயன், மெயரோவிற்ஸ் ஆகியோரால் உருப்பெற்றது. பூவின் மேற்புறத்தைக் கீழ்ப்புறத்திலிருந்து வேறுபடுத்தும் சைக்கிளோயிடியா என்னும் பரம்பரையலகு 1996இல் அன்ரிறைனத்தில் தனித்தறியப்பட்டது. அது அரும்பின் மேற்பகுதியில் மட்டும் தொழிற்படுகின்றது. அதனாலேயே மேலும் கீழும் வேறாகின்றன. அதுவும் அதனையொத்த துணைப் பரம்பரையலகும் செயலிழந்தால் பூ முழுவட்டமாகின்றது.

லினேயசைத் திகைப்பித்த பெலோரியாவின் புதிர் 1999இல் அவிழ்ந்தது. அச்செடியில் உரிய பரம்பரையலகின் எழுத்துவரிசை மாறியிருக்கவில்லை. அதன்மீது மெதைல் கூட்டங்கள் படிந்து அதனைச் செயலற்றதாக்கியிருந்தன. அந்நிலையே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டு வந்தது. எழுதப்பட்ட ஏடு அழியவில்லை. ஏட்டின் அந்தப் பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. கண்டெடுக்கப்பட்டு 257 ஆண்டுகளின் பின் கிடைத்த விடை இது.

அன்ரிறைனம் மட்டக்களப்பில் வளர்வதன்று. அதனாலேயே இக்கதை அயலவர் கதையாகத் தோன்றலாம். ஆனால் கழுதைமுள்ளி அன்ரிறைனம் அடங்கும் அதே வருணத்தைச் சேர்ந்தது. ஈருதட்டுப் பூ அவ்வருணத்தின் பொதுச் சொத்து. அச்சொத்தில் மேலுதட்டைத் துறந்த கிளையொன்றே வாவிக்கரையில் நிற்கின்றது. வீட்டு வேலிகளில் படரும் காக்கணமோ இன்னும் அண்மையிலுள்ளது. அவரைக் குடும்பத்துப் பூக்களில் கொடியல்லி மேலே நிமிர்ந்திருப்பது வழக்கம். காக்கணத்தில் பூ தலைகீழாகத் திரும்பியுள்ளது. கொடியல்லி கீழே விரிந்து வண்டுக்கு இறங்குதளமாகின்றது. கேசரங்களும் குறியும் வண்டின் முதுகைத் தொடுகின்றன. முற்றங்களில் விரும்பி வளர்க்கப்படும் அடுக்குக் காக்கணத்திலோ ஐந்து அல்லிகளும் கொடியல்லியின் வடிவையே பெற்றுள்ளன.

அவரைக் குடும்பத்தில் மேற்புற அல்லியின் வடிவத்தைத் தீர்மானிப்பதும் சைக்கிளோயிடியாவின் உறவினமான பரம்பரையலகே என்பது லோற்றசு என்னும் செடியில் 2006இல் காட்டப்பட்டது; அதனைப் பூ முழுவதும் தொழிற்படச் செய்தபோது ஏனைய அல்லிகளும் கொடியல்லியின் இயல்பை ஏற்றன. இயற்கையிலேயே இவ்வாறு அல்லிகள் அனைத்தும் மேற்புற இயல்பைப் பெற்று வட்டப்பூவான காடியா என்னும் அவரையினமும் அதே ஆண்டில் விளக்கப்பட்டது. ஒரே விளைவுக்கு இரு வழிகள் உள்ளன என்பது இங்கு நோக்கற்பாலது. பெலோரியா மேற்புற இயல்பை இழந்து வட்டமானது. காடியா அவ்வியல்பைப் பூ முழுவதும் பரப்பி வட்டமானது. அடுக்குக் காக்கணம் எவ்வழியினது? இவ்வினாவைக் கேட்பதற்கு மாணவன் கடல் கடக்க வேண்டியதில்லை. முற்றத்துக்கு இறங்கினாற் போதும். ஆயினும் பாடநூல் வட்டப்பூ, இருபக்கச் சமச்சீர்ப் பூ என இரு படங்களை அருகருகே நிறுத்தி, ஒன்று மற்றொன்றாக மாறிய வரலாற்றை மறைத்துவிடுகின்றது. வரைபடம் நன்றாய் இருக்கின்றது. பூ அதில் இறந்து கிடக்கின்றது.

4. நோக்கம் என்னும் மயக்கம்

விளக்க முற்படுவோரிடையேயும் ஒரு மயக்கம் உண்டு. “வண்டை அழைப்பதற்காகப் பூ இவ்வடிவங் கொண்டது” என்று வகுப்பறைகளில் கூறப்படுகின்றது. கேட்க இனிய இக்கூற்று, காரணத்தைப் பின்முன்னாகப் புரட்டுகின்றது. பூவுக்கு விருப்பம் இல்லை, திட்டமும் இல்லை. விகாரங்கள் வண்டின் தேவையைக் கேட்டறிந்து தோன்றுவனவல்ல. தோன்றிய வேறுபாடுகளுள் எது மிகுதியான விதையைத் தந்ததோ அது அடுத்த தலைமுறையில் மிகுந்தது, தராதது அருகியது. அடுக்குக் காக்கணம் பெருகியது வண்டினாலன்று. அதன் அழகை விரும்பிய மனிதனின் கையினால். தெரிவு செய்பவர் மாறினால் வடிவமும் வேறு வழியிற் செல்லும் என்பதற்கு அதுவே சான்று.

கண்டற்காட்டுத் தாவரங்கள் இதனை இன்னும் தெளிவாக்குகின்றன. றைசோபோரா எனப்படும் கண்டலின் சிறு பூ ஏராளமான இலேசான மகரந்தத்தை உதிர்க்கின்றது. அது பெரும்பாலும் காற்றையே நம்பியுள்ளது. அதன் நெருங்கிய உறவினமான புறுகியேராவில் ஒவ்வோர் அல்லியும் கேசரங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றது; வந்த உயிரின் வாய் அல்லியின் அடியைத் தீண்டியதும் அல்லி வெடித்துத் திறந்து மகரந்தத்தை அதன்மீது வீசுகின்றது. அவ்வினத்துள்ளும், பெரும் பூக்களைக் கொண்டவை தேன்குடிக்கும் பறவைகளையும், சிறு பூக்களைக் கொண்டவை வண்ணத்துப்பூச்சி போன்ற பூச்சிகளையும் சார்ந்துள்ளன. சொனரேசியாவோ மாலையில் விரிந்து, தூரிகைபோன்ற கேசரக் கற்றையை இரவு முழுவதும் காட்டி, மறுநாட் காலையில் உதிர்த்துவிடும். அதனை நாடுவன வௌவாலும் அந்துப்பூச்சியும். ஒரே சேற்றில் வேரூன்றிய மரங்கள் காற்றோடும் பறவையோடும் பூச்சியோடும் இரவோடும் வெவ்வேறு உடன்பாடு கண்டுள்ளன. பூவின் வடிவம் அவ்வுடன்பாட்டின் எழுத்து. எண்ணற்ற தலைமுறைகள் எழுதிய அவ்வெழுத்தை ஒரு பருவகாலத்தில் அழித்துவிடலாம். ஒரு பருவகாலத்தில் எழுதிவிட முடியாது.

5. ஒரே மரத்தின் வேலி

“பூவின் வடிவத்தை ஆராய்ந்தால் சோறு கிடைக்குமா?” என்னும் கேள்வி இவ்விடத்தில் எழும். வறுமையும் போரும் கடலும் மாறிமாறித் தாக்கிய பிரதேசத்தில் அக்கேள்வியை ஏளனஞ் செய்தல் தகாது. விடை கூறுதல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் கண்டற்காடு இறாற் பண்ணைகளுக்காகவும், குடியிருப்புக்காகவும், போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயராலும் வெட்டப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபின், கண்டலைக் காக்கவேண்டும் என்ற உணர்வு நாடெங்கும் பிறந்தது. நிதி வந்தது, நிறுவனங்கள் வந்தன, நாற்றுகள் நடப்பட்டன. விளைவு யாது? இலங்கையின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை மேற்கொள்ளப்பட்ட முயற்சியில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே பயனளித்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட செடிகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையைச் சேர்ந்தவை.

இத்தோல்விக்கு நேர்க்காரணம் பூவன்று. நீர்மட்டமும் உவர்ப்பும் பொருந்தாத இடங்களில் நட்டதும், நட்டபின் பராமரியாது விட்டதுமே முதன்மைக் காரணங்கள். ஆனால் நடப்பட்டவை பெரும்பாலும் றைசோபோராவாக இருந்தது ஏன் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். அதன் நாற்று தாய்மரத்திலேயே முளைத்துக் கோல்போல் நீண்டு தொங்குவது. பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. நடுபவர் கைக்கு எளிது என்பதே தெரிவின் அளவுகோலாயிற்று. படமெடுப்பதற்கும் அது அழகானது. வாவிக்கரையின் எந்த உயரத்தில் எந்த மரம் நின்றது, அம்மரத்தின் பூவை நாடி எது வந்தது என்னும் வினாக்கள் எவருடைய திட்ட அறிக்கையிலும் இடம்பெறத் தேவையற்றனவாய்க் கருதப்பட்டன.

அவ்வாறு நட்டவை அனைத்தும் பிழைத்திருந்தாலும் கிடைப்பது காடன்று. காற்றைப் பெரும்பாலும் நம்பும் ஒரே வகைப் பூவின் வேலி. தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இரவில் வரும் வௌவாலுக்கும் அதில் வேலை குறைவு. கண்டற்காட்டில் வாழும் அதே கருவண்டும் தேனீயும் அயலிலுள்ள தோட்டங்களின் பூக்களையும் நாடுபவை. பீர்க்கும் பூசணியும் காய்ப்பது பூச்சிகளின் வருகையினால். எனவே சோற்றுக்கும் கறிக்கும் பூவின் வடிவத்துக்கும் தொடர்பில்லை என்போர், பூவையும் அறியாதவர், கறியையும் அறியாதவர்.

வெட்டியவனுக்குக் கண்டற்காடு விறகாகவும் மறைப்பாகவும் தோன்றியது. நட்டவனுக்கு அது பச்சைச் சுவராகத் தோன்றியது. இருவரும் ஒரே பார்வையுடையவர்களே. ஒருவன் பகைவன், மற்றவன் நண்பன் எனப் பிரித்துக் கூறுவது வசதியானது. ஆனால் அறியாமை நண்பனின் கையிலும் கோடரியே.

6. செய்யத்தக்கது

பெருநிதி வேண்டிய காரியம் எதுவும் இங்கு கோரப்படவில்லை. வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் மாணவர் பலர் வாவியைக் கடந்தே நாள்தோறும் வருகின்றனர். கழுதைமுள்ளி எப்போது பூக்கின்றது, எவ்வுயிர் அதன் கீழுதட்டில் இறங்குகின்றது, எத்தனை பூ காயாகின்றது எனப் பதிவதற்குக் கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் போதும். டார்வின் தம் கலப்பைச் செய்தது தோட்டத்திலேயே. மெண்டல் செய்தது மடத்து முற்றத்திலேயே. கல்லூரிகளின் தாவரவியற் செய்முறை வகுப்பில், கடையில் வாங்கிய செவ்வரத்தையை அறுப்பதோடு ஒருநாளேனும் வாவிக்கரைப் பூவொன்று அறுக்கப்பட வேண்டும். நடுகைத் திட்டங்களுக்கு ஆலோசனை கூற அழைக்கப்படும் அறிஞர், எத்தனை நாற்று என்பதற்கு முன் எத்தனை இனம், எவ்விடத்தில் எவ்வினம் என்று கேட்கவேண்டும்.

இலக்கிய மாணவருக்கும் இதில் பங்கு உண்டு. வாவிக்கரை மீனவரும் விறகு வெட்டுவோரும் வழங்கும் தாவரப் பெயர்கள் அகராதியேறாமலே அழிந்து வருகின்றன. 99 பெயர்களைப் பாதுகாத்தவர் வழிவந்தோம் எனப் பேசுவோர், கண்முன் சாகும் நூறாவது பெயரை எழுதிவைக்க மாட்டாராயின் அப்பெருமைக்கு உரிமையுடையவராகார்.

கழுதைமுள்ளி எவருடைய பாராட்டையும் எதிர்பார்த்துப் பூப்பதில்லை.  மேலுதட்டைத் துறந்த அதன் பூ நெடுங்காலமாய் வண்டுகளுக்கு விடையளித்துக்கொண்டே இருக்கின்றது. அதனிடம் வினாக் கேட்கவேண்டிய கடன் கற்றவர்க்கு உரியது. கரை முழுவதும் ஒரே மரத்தின் வேலியான பின்னர் கேட்க முற்படுவோர்க்கு விடைகூற அங்கே பூ இராது.